பந்தயப் படகு எஞ்சினில் க்ளோ பிளக் கோளாறு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ரிமோட்டில் ஓடும் மாடல் பந்தயப் படகில், எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் போய்விட்டால் எல்லோரும் முதலில் செய்வது புதுப் பிளக் போடுவதுதான். அதுவும் போகும். மூன்றாவதும் போன பிறகு பிளக் செய்த கம்பெனி மேல் பழி விழும். நானும் இரண்டு சீசன் இப்படியே ஓட்டினேன். கழற்றிய பிளக்கைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கப் பழகிய பிறகுதான் ஒன்று தெரிந்தது: பத்தில் எட்டு முறை பிளக் மேல் தவறே இல்லை. கலவை, கம்ப்ரஷன், தண்ணீர், டாங்க் இவற்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கும். அந்த அடி பிளக்கின் மெல்லிய கம்பியில் போய் விழுந்திருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். பிளக்கைக் கழற்றுங்கள், கம்பியைப் பாருங்கள், அதற்கப்புறம் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

நான் இங்கே பேசுவது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும், தண்ணீரால் குளிரும், டியூன்டு பைப் (எஞ்சின் வேகத்துக்கேற்ப நீளம் அமைத்த புகைக்குழாய்) மாட்டிய 3.5, 7.5, 11, 15 சி.சி. எஞ்சின்களைப் பற்றி. அமெரிக்காவில் நாம்பா, ஐ.எம்.பி.பி.ஏ. சங்கங்களின் பந்தயங்களிலும், ஐரோப்பாவில் நவிகா என்ற மாடல் படகு அமைப்பின் விதிப்படி நடக்கும் எஃப்.எஸ்.ஆர். பந்தயங்களிலும் ஓடுபவை இவை. பெட்ரோலில் ஓடும் 27 சி.சி. படகுகளில் தீப்பொறி பிளக்தான் இருக்கும். அவற்றுக்கு இது பொருந்தாது.

பிளக் எப்படி வேலை செய்கிறது

இது தெரியாமல் கீழே சொல்வது எதுவும் பிடிபடாது. பிளக்கின் அடியில் ஒரு சின்னக் குழி, அதற்குள் பிளாட்டினக் கலவைக் கம்பிச் சுருள். ஸ்டார்ட் செய்யும்போது இக்னைட்டரின், அதாவது பிளக்கின் தலையில் மாட்டும் செல்லின், மின்சாரம் அதைச் சூடாக்குகிறது. எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகு இக்னைட்டரை எடுத்துவிடுகிறோம். அதன்பின் சுருளைத் தணல் போல வைத்திருப்பவை இரண்டு: அமுக்கத்தாலும் எரிப்பாலும் வரும் சூடு, பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் ஆவி பட்டதும் நடக்கும் வேதிவினை. மெத்தனால் இல்லாமல் பெட்ரோலை மட்டும் ஊற்றினால் இந்த எஞ்சின் ஓடாததற்குக் காரணம் இந்த இரண்டாவதுதான்.

அமெரிக்காவில் ரே ஆர்டன் 1947இல் இந்தப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை மாடல் எஞ்சின்களில் தீப்பொறி பிளக், காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் சுமந்தாக வேண்டும். அந்தச் சுமை போயிற்று. கூடவே தீப்பற்றும் நேரத்தை முன்னும் பின்னும் தள்ளும் நெம்புகோலும் போயிற்று. இப்போது அந்த நேரத்தைத் தீர்மானிப்பவை பிளக்கின் சூடு, கம்ப்ரஷன், நைட்ரோ அளவு, எஞ்சின் இழுக்கும் சுமை ஆகிய நான்கும்தான். சுருள் சூட்டை அதிகம் தக்கவைப்பது சூடான பிளக், குறைவாகத் தக்கவைப்பது குளிர் பிளக். சூடான பிளக் போட்டால் சீக்கிரம் பற்றும், குளிர் பிளக் போட்டால் தாமதமாகப் பற்றும். பிளக் தேர்வு என்பது மொத்தத்தில் இந்த நேரத்தைத் தேர்வு செய்வதுதான்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவே இல்லை

பிளக்கைக் கழற்றி இக்னைட்டரில் மாட்டிப் பாருங்கள். எரிபொருள் கேனுக்குப் பக்கத்தில் மட்டும் செய்யாதீர்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சுருள் அடியிலிருந்து நுனிவரை பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரே சீராக ஒளிர வேண்டும். மங்கிய சிவப்பாக இருந்தால் இக்னைட்டர் செல் தீர்ந்திருக்கிறது, அல்லது கவ்வும் இடத்தில் பச்சை பிடித்திருக்கிறது. சுருளில் இரண்டு சுற்று மட்டும் ஒளிர்ந்து மற்றது கறுப்பாக இருந்தால், சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகியிருக்கும். அது குப்பைக்குத்தான்.

இக்னைட்டருக்கு 1.2 வோல்ட் நிக்கல் செல் போதும், 1.5 வோல்ட் வரை தாங்கும். பிளக் 3 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆகவே மீட்டரில் வோல்ட் காட்டும் பழைய செல் கூட, பிளக்கில் மாட்டியதும் சரிந்துவிடும். 3.7 வோல்ட் லித்தியம் செல்லை நேராகக் கொடுத்தால் கம்பி கண் இமைக்கும் நேரத்தில் உருகிவிடும்.

பிளக் வெளியே நன்றாக ஒளிர்கிறது, எஞ்சினில் மாட்டினால் பற்றவில்லை என்றால் உள்ளே எரிபொருள் வெள்ளமாக நிற்கிறது. குளிர்ந்த எரிபொருள் சுருளை அணைத்துவிடுகிறது. இந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். திரவம் அமுங்காது; பிஸ்டனுக்கும் சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கும் நடுவே அது நின்றால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, படகைக் கவிழ்த்துப் பிடித்து, ஸ்டார்ட்டரை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். துளையிலிருந்து எரிபொருள் பீய்ச்சி அடிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை.

ஸ்டார்ட் செய்யும்போது உதைக்கிறது, பெல்ட் எகிறுகிறது

கலவை பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே பற்றிவிடுகிறது. நைட்ரோ அதிகம், பிளக் சூடு அதிகம், கம்ப்ரஷன் அதிகம் — இந்த மூன்றில் ஒன்றோ, மூன்றும் சேர்ந்தோ. ஆனால் ஒரு தடவை உதைத்ததும் பிளக்கை மாற்ற ஓடாதீர்கள். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போயிருந்தாலும் இப்படித்தான் உதைக்கும். மேலே சொன்னபடி உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் உதைத்தால் ஒரு படி குளிர் பிளக். அதிலும் நிற்காவிட்டால் ஹெட்டுக்குக் கீழே 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய உலோக வளையம்) ஒன்று சேர்த்துக் கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும்.

இக்னைட்டரை எடுத்ததும் எஞ்சின் இறங்குகிறது அல்லது அணைகிறது

சுருளால் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. முதலில் கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகான நீடிலைப் பாருங்கள். கலவையில் எரிபொருள் மிகுந்து, அதாவது ரிச்சாக, எஞ்சின் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் போன்ற ஓசையில் தடதடத்துக்கொண்டிருந்தால் எந்தப் பிளக்கும் நிற்காது. இரண்டு கிளிக் மூடிப் பாருங்கள்.

நீடில் சரி என்று தெரிந்தால் சுருளின் மேற்பரப்பைப் பாருங்கள். புதுப் பிளக்கின் கம்பி வெள்ளிப் பாத்திரம் மாதிரி மினுமினுக்கும். பல மணி நேரம் ஓடிய கம்பி உறைபனி படிந்ததுபோல வெளிறி, சொரசொரப்பாகிவிடும். இக்னைட்டரில் மாட்டினால் அப்போதும் அழகாகத்தான் ஒளிரும். அதனால் பலர் அதை நல்ல பிளக் என்று நம்பி மறுபடி மாட்டிவிடுகிறார்கள். ஒளிர்வது மின்சாரத்தால். வேதிவினை நடத்தும் திறன் போய்விட்டதா என்பது அந்த ஒளியில் தெரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே ஒவ்வொரு பந்தய நாளும் பெட்டியில் திறக்காத பிளக் ஒன்று வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் அதைப் போட்டுப் பார்ப்பேன். அதில் எஞ்சின் சரியானால் பழையது தீர்ந்தது என்று பொருள். ஆகாவிட்டால் கோளாறு வேறெங்கோ.

புதுப் பிளக்கிலும் இறங்குகிறதா? அப்போதுதான் "பிளக் குளிர் அதிகம்" என்ற முடிவுக்கு வரலாம். 60 சதவீத நைட்ரோவுக்கென்று வாங்கிய குளிர் பிளக்கை 16 சதவீத எரிபொருளில் போட்டால் இது கட்டாயம் நடக்கும். ஐரோப்பாவில் ஓட்டுபவர்களுக்கு இது கற்பனைச் சிக்கல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1148 விதி 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பொதுமக்கள் உரிமம் இல்லாமல் வாங்கக்கூடிய எரிபொருளில் நைட்ரோமீத்தேன் எடையில் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றாகிவிட்டது. அதற்கு முந்தைய வரம்பு 30 சதவீதம். எரிபொருளை மாற்றியவர்கள் கூடவே பிளக்கையும் ஒரு படி சூடாக்கி, கம்ப்ரஷனையும் ஏற்ற வேண்டும். (தமிழ்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்களுக்கு வேறொரு கதவு: மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவுமே 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். கடத்திக் கலக்கும் வேலை வேண்டாம், அது உயிரை வாங்கும் விஷம்.)

பழைய எரிபொருளும் இதே அறிகுறியைக் காட்டும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூடி தளர்ந்த கேனில் மாதக்கணக்கில் கிடந்த எரிபொருளில் நீடில் ஒரு இடத்தில் நிற்காது. புதுக் கேன் ஒன்றைத் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட விரைவான சோதனை கிடையாது.

கரையில் நன்றாக ஓடுகிறது, தண்ணீரில் விட்டதும் அணைகிறது

படகைக் கையிலிருந்து விடும் அந்த நொடியில் ப்ரொப்பெல்லர் முழுச் சுமையையும் எஞ்சின் மேல் போடுகிறது. வேகம் இன்னும் பைப்பின் எல்லைக்குள் வரவில்லை. கலவை கொழகொழவென்று சேர்கிறது. சுருள் நனைந்து குளிர்கிறது. திருப்பத்தில் வேகம் விழும்போது நடப்பதும் இதேதான்.

இங்கே ஒரு படி சூடான பிளக் உண்மையிலேயே உதவும். ஆனால் அதற்கு முன் லோ-ஸ்பீடு நீடிலை கொஞ்சம் மூடிப் பாருங்கள், பைப் அளவுக்கு மீறிக் குட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். குட்டைப் பைப் மிக உயர்ந்த வேகத்தில்தான் கைகொடுக்கும். அங்கே போய்ச் சேருவதற்குள் எஞ்சின் மூச்சுத் திணறும். 3 மி.மீ. பைப்பை வெளியே இழுத்ததும் பிளக் சிக்கல் என்று நினைத்தது மறைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வசந்தகால அதிகாலைப் பந்தயங்களில் இன்னொரு காரணம் சேர்ந்துகொள்ளும். குளத்துத் தண்ணீர் ஐஸ் போல இருக்கும். அது நேராக ஹெட்டைச் சுற்றி ஓடும். எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே வராது. தண்ணீர் வெளியேறும் குழாயில் சிறு துளை உள்ள தடுப்பு ஒன்றைச் சொருகி ஓட்டத்தைக் குறையுங்கள். வெளியே வரும் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகவாவது இருக்க வேண்டும்.

இரண்டு மூன்று சுற்று பறக்கிறது, அப்புறம் வேகம் தளர்கிறது

சூடேறுகிறது. ஓட்டத்தின் நடுவே தண்ணீர் வெளியேறும் குழாயைப் பாருங்கள். படகு உங்கள் முன்னால் கடக்கும்போது பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு பீய்ச்சுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தண்ணீர் எடுக்கும் வாயில் பாசி அடைத்திருக்கிறது. தண்ணீர் ஓடியும் தளர்கிறது என்றால் கலவை லீன், அதாவது எரிபொருள் குறைவு. அல்லது பிளக் சூடு மிகுதி. இரண்டு கிளிக் நீடிலைத் திறந்து பாருங்கள். தளர்ச்சி போய், உச்ச வேகமும் குறைந்துவிட்டால் அப்போது குளிர் பிளக்குக்கு மாறுங்கள், நீடிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பிளக் போகிறது

பணமும் பந்தயமும் ஒன்றாகப் போவது இங்கேதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நகைக் கடையில் வைத்திருப்பார்களே, அதுதான். பிளக்கைக் கழற்றியதும் துடைக்காமல் அப்படியே பாருங்கள்.

சுருள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கி, குழிக்குள் மேல்நோக்கித் தள்ளப்பட்டதுபோல இருக்கிறதா? கை விரலால் அழுத்தியது மாதிரி இருக்கும். அது டெட்டனேஷனின் அடி. கலவை வரிசையாக எரியாமல் ஒரே நேரத்தில் வெடித்து, அந்த அதிர்வு கம்பியை நசுக்கியிருக்கிறது. அப்போது ஹெட் பட்டனையும் (ஹெட்டில் பிளக் உட்காரும் நடுப்பகுதி) கழற்றிப் பாருங்கள். பளபளவென்று இருந்த ஓரம் மணலால் உரசியதுபோல் சொரசொரப்பாகியிருக்கும். காரணம் கம்ப்ரஷன் அதிகம், நைட்ரோவுக்குப் பொருந்தாத ஹெட், அல்லது எஞ்சினால் சுற்ற முடியாத அளவுக்குப் பெரிய ப்ரொப்பெல்லர். கடைசியாகச் சொன்னதைப் பலர் நினைப்பதே இல்லை. சுமை கூடினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், அதே தீப்பற்றும் நேரம் இப்போது சீக்கிரமாகிவிடும். குளிர் பிளக் போட்டால் ஓரளவு தள்ளிப்போகும், ஆனால் அடி நிற்காது. ஷிம் சேர்ப்பதும் சின்ன ப்ரொப்பெல்லருக்கு மாறுவதும்தான் மருந்து.

ஷிம் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். மெல்லிய சால்டர் ஈயக் கம்பியை எல் எழுத்துப்போல் வளைத்துப் பிளக் துளை வழியாக விடுங்கள். நுனி சிலிண்டர் சுவரைத் தொட வேண்டும். ஃப்ளைவீலைக் கையால் பிடித்து, பிஸ்டன் மேல் உச்சியைத் தாண்டும்வரை மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். கம்பியை வெளியே எடுத்தால் நுனி தட்டையாக நசுங்கியிருக்கும். அந்தத் தட்டையை மைக்ரோமீட்டரில் அளந்தால் அதுதான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் ஓரத்தில் உள்ள இடைவெளி. முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டு என நான்கு இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். நான்கும் ஒன்றாக இல்லாவிட்டால் ஹெட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. இந்த எண் கையில் இல்லாமல் "ஒரு ஷிம் போட்டேன், இரண்டு ஷிம் எடுத்தேன்" என்று பேசுவதில் பயனில்லை. அளந்து, 0.1 மி.மீ. மட்டும் மாற்றி, ஓட்டி, மறுபடி பிளக்கைப் பாருங்கள்.

சுருள் நசுங்கவில்லை, ஆனால் நடுவில் அறுந்திருக்கிறது, முனையில் சின்ன உருண்டை உருகி நிற்கிறது என்றால் அது லீன் கலவை. அல்லது இக்னைட்டரில் வோல்ட் மிகுந்து கரையிலேயே பாதி உருகியிருக்கும்.

கம்பியின் மேலும் பிளக்கின் அடிப்பரப்பிலும் ஊசிமுனை அளவுக்கு மினுக்கும் துளிகள் ஒட்டியிருந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். அது அலுமினியம், பிஸ்டன் தலையிலிருந்தோ ஹெட்டிலிருந்தோ உருகி வந்தது. இந்த நிலையில் இன்னொரு பிளக் போட்டு ஓட்டினால் அடுத்து வாங்க வேண்டியது பிஸ்டனும் லைனரும். மாறாக, அடிப்பரப்பில் குத்துக்குத்தாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஏதோ கெட்டியான துகள் உள்ளே சுற்றியிருக்கிறது. பேரிங் உடையத் தொடங்கியிருக்கலாம், முந்தைய பிளக்கின் அறுந்த கம்பித் துண்டாகவும் இருக்கலாம். ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, பேரிங்கில் கரகரப்பு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

இவை எதுவும் இல்லை, கம்பி நேராக இருக்கிறது, நிறம் மட்டும் வெளிறிச் சாம்பலாகி அறுந்திருக்கிறது. ஆனாலும் அது எப்போதும் கடைசிச் சுற்றில்தான் நடக்கிறது என்றால் டாங்க்கைப் பாருங்கள். இது என் சொந்தக் கதை. ஒரு கோடை முழுவதும் ஐந்தாவது சுற்றுவரை முன்னால் ஓடி, ஆறாவதில் நின்றேன். பிளக்கைக் குளிராக்கினேன், ஷிம் போட்டேன், நீடிலைத் திறந்தேன். கடைசியில் பார்த்தால் டாங்க்கில் எரிபொருள் தீரப்போகும் நேரத்தில், திருப்பத்தில் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை இழுத்திருக்கிறது. முழு வேகத்தில் எஞ்சின் அரை நொடி லீன் ஆனாலே போதும், கம்பி போய்விடும். பெரிய டாங்க் ஒன்றும், அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவே சின்ன ஹாப்பர் டாங்க் ஒன்றும் வைத்தேன். அதே பிளக்கில் மூன்று பந்தயம் ஓடியது. பயிற்சியின்போதும் இதே ஒழுங்கு: டாங்க் வற்றி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டாதீர்கள். கொஞ்சம் மீதம் இருக்கும்போதே கரைக்குக் கொண்டுவந்து அணையுங்கள்.

ஹாப்பர் டாங்க் இருந்தும் நுரை வந்தால் அதிர்வுதான் காரணம். எஞ்சின் தாங்கியின் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், அல்லது டாங்க் படகின் சுவரை நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாவது சேனலில் ரிமோட்டிலிருந்தே கலவையை மாற்றும் வசதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டத்தில் முந்த வேண்டும் என்ற ஆவலில் ஒரு சிட்டிகை கூடுதலாக மூடிவிடுவது எல்லோரும் செய்வது. அந்த சர்வோவின் பயணத்தைக் கரையிலேயே குறைத்து வையுங்கள். உச்சத்தில் மூடினாலும் எஞ்சின் பாதுகாப்பான எல்லைக்குள் இருக்க வேண்டும்.

பிளக்கைச் சுற்றிக் குமிழி வருகிறது, ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது

பிளக்கின் அடியைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஃப்ளைவீலைக் கையால் அமுக்கிச் சுற்றுங்கள். குமிழி விளிம்பில் வந்தால் செம்பு வாஷர் நசுங்கித் தீர்ந்தது; மாற்றுங்கள். இரண்டு வாஷர் போடாதீர்கள், பிளக் மேலே ஏறி உள்ளே காலி இடம் கூடும், கம்ப்ரஷன் குறையும். குமிழி நடு ஊசியைச் சுற்றி வந்தால் பிளக்கின் உள் அடைப்பே விட்டுவிட்டது. கம்பி புதிதாக இருந்தாலும் அந்தப் பிளக் இனி வேண்டாம்.

இறுக்கும்போது கையால் முழுவதும் உள்ளே சுற்றிவிட்டு, பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். ஆரம்பத்திலேயே ஸ்பேனர் வைத்தால் அலுமினிய மரை கோணல் ஏறி, ஹெட் பட்டனே வீணாகும்.

படகு கவிழ்ந்து, தண்ணீர் உள்ளே போய்விட்டது

மீட்டுக் கரைக்குக் கொண்டுவந்ததும் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், படகைத் தலைகீழாக்கி ஸ்டார்ட்டரைத் தட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள், கார்புரேட்டரில் எரிபொருள் கொஞ்சம் விட்டு மறுபடி சுற்றுங்கள். புதுப் பிளக் போட்டு இரண்டு நிமிடமாவது ஓடவிட்டு உள்ளே காய வையுங்கள். நைட்ரோ எரிந்த எச்சத்தில் அமிலம் இருக்கும். அதோடு தண்ணீரும் சேர்ந்தால் இரும்புப் பேரிங் ஓர் இரவிலேயே துருப்பிடிக்கும். அன்று மாலை ஆஃப்டர்-ரன் எண்ணெய் விடாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். நனைந்த பிளக்கை எறிய வேண்டாம். காய்ந்த பிறகு ஒளிரவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும், பயிற்சிக்கு ஆகும்.

சரி, எந்தப் பிளக்கில் தொடங்குவது

முதலில் மரையும் இருக்கையும். வழக்கமான பிளக்கின் மரை 1/4 அங்குலம், அங்குலத்துக்கு 32 சுற்று. செம்பு வாஷரில் உட்காரும். டர்போ பிளக்கின் மரை 8 மி.மீ., சுற்றுக்கு 0.75 மி.மீ.; வாஷர் கிடையாது, கூம்பான விளிம்பே ஹெட்டில் பதிந்து அடைத்துக்கொள்ளும். டர்போவில் எரி அறையின் சுவர் ஏறக்குறைய முறிவில்லாமல் வரும், கசிவும் குறைவு. புது ஹெட் வாங்குவதாக இருந்தால் நான் அதையே சொல்வேன். ஆனால் ஒன்றின் ஹெட்டில் மற்றது ஏறாது. வழக்கமான வகையில் நீள மரை, குட்டை மரை என்றும் இரண்டு உண்டு. பந்தய எஞ்சின்களில் பெரும்பாலும் நீளம். குட்டையை அங்கே போட்டால் அடியில் வெறும் மரைப் பள்ளம் மிஞ்சும், கரி சேரும், கம்ப்ரஷன் விழும். நீளத்தைக் குட்டை ஹெட்டில் போட்டால் நுனி அறைக்குள் நீட்டிப் பிஸ்டனில் இடிக்கலாம்.

சுருளுக்குக் குறுக்கே ஒரு பாலம்போலத் தகடு உள்ள ஐடில்-பார் பிளக்குகள் மெதுவாக ஓடும் விமான எஞ்சின்களுக்கு நல்லவை. நைட்ரோ மிகுந்த பந்தயப் படகில் அந்தத் தகடே உடைந்து உள்ளே விழும் அபாயம் உண்டு, வேண்டாம்.

சூட்டு அளவைப் பொறுத்தவரை ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் எண் போடுகிறது. ஓ.எஸ். நிறுவனத்தின் டர்போ வரிசையில் பி3 மிகச் சூடு, பி8 குளிர். அதே நிறுவனத்தின் வழக்கமான வகையில் ஏ3 சூடு, எட்டாம் எண் நடுத்தரம், ஏ5 குளிர். ஒரு கம்பெனியின் 6 இன்னொன்றின் 6 இல்லை, எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். கம்பியைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம்: தடித்த கம்பி குளிர், மெல்லியது சூடு.

3.5 சி.சி. எஞ்சினில் 50, 60 சதவீத நைட்ரோ ஊற்றுகிறீர்கள் என்றால் குளிர் பிளக்கில் தொடங்குங்கள். 16 சதவீதம் என்றால் நடுத்தரத்தில். 7.5க்கு மேல் போகப் போக, அதே நைட்ரோவுக்கு இன்னும் ஒரு படி குளிர் தேவைப்படும், ஏனென்றால் பெரிய எஞ்சின் சூட்டை அதிகம் தேக்கும். வெயில் கொளுத்தும் நாளில் குளிர் பக்கம், குளிர்ந்த அடர்த்தியான காற்றில் சூட்டுப் பக்கம். எஞ்சின் செய்தவர்கள் ஒரு பிளக்கைச் சொல்லியிருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். அந்த ஹெட்டின் வடிவத்தை அறிந்தவர்கள் அவர்கள்தான்.

படகு விட்டவுடன் அணையாமல் போய், திருப்பத்தில் விழுந்து மறுபடி பைப் பிடித்து ஏறுகிறது என்றால் அந்தச் சூடு போதும். அதற்குமேல் சூட்டைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கலாம். கூடவே சுருள் நசுங்கவும் தொடங்கும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், ஷிம், பைப் நீளம் மூன்றையும் ஒரே மதியத்தில் மாற்றினால் எது உதவியது என்று மாலையில் யாராலும் சொல்ல முடியாது.

நான் கழற்றிய பிளக்குகளை ஒரு மருந்து மாத்திரைப் பெட்டியின் அறைகளில் போட்டு, அருகில் ஒரு துண்டுச் சீட்டு வைப்பேன். தேதி, காற்றின் வெப்பம், நைட்ரோ சதவீதம், ஓரத்து இடைவெளி, ப்ரொப்பெல்லர், எத்தனை நிமிடம் ஓடியது. போன மாதம் நசுங்கிய கம்பியையும் இன்று கழற்றியதையும் லென்ஸின் கீழ் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, 0.1 மி.மீ. ஷிம் என்ன செய்தது என்பது கண்ணுக்கே தெரிகிறது.